புதுநன்மைக்குப் பத்து நாள்

புதுநன்மைக்குப் பத்து நாள்தான் இருந்தது. முதல் தடவையாக நற்கருணை வாங்கப் போகும் பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகக் கை கோத்துக்கொண்டு பீடம் வரை நடந்து போக வேண்டும். எஸ்தரின் மகள் பிரின்சியாவோடு கை கோக்க ஆள் இல்லை.

பிரின்சியாவுக்கு ஒன்பது வயது. இரண்டு வருஷமாகப் புறங்கைகளில் வெண்புள்ளி. முதலில் மிளகளவு இருந்தது, இப்போது மணிக்கட்டு வரை படர்ந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் அவளுக்குச் சுண்ணாம்பு என்று பெயர். அந்தப் பெயரை வைத்த மகராசன் யாரென்று தெரிந்திருந்தால் எஸ்தர் அவனை அரிவாள்மணை முன்னால் உட்கார வைத்து விசாரித்திருப்பாள். அடையாறு மார்க்கெட்டில் பதினைந்து வருஷமாக மீன் விற்கிறவள், யார் வாய்க்கும் பயந்தவள் இல்லை. ஆனால் சின்னப் பிள்ளைகளோடு எப்படிச் சண்டை போடுவது? ஒரு தடவை பள்ளிக்கூட வாசலில் நின்று போட்டும் பார்த்தாள். மறுநாளிலிருந்து பிரின்சியாவின் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை.

இப்போது கோயிலிலும் அதே கதை. அவளுக்கு ஜோடியாக நின்ற ஜாஸ்லின் ஒத்திகையில் கையைக் கொடுக்கவே இல்லை. ஜாஸ்லினின் அம்மா ஒத்திகை நடத்தும் சிஸ்டரிடம் போய், "ஒட்டிக்குமோன்னு புள்ள பயப்படுது சிஸ்டர்" என்றாள். பயந்தது பிள்ளையா அம்மாவா என்பது மாதாவுக்குத்தான் வெளிச்சம். சிஸ்டர் நல்லவர்தான். அது ஒட்டாது என்று எடுத்துச் சொன்னார். சொல்லிவிட்டு, "பிரின்சியா கடைசியில தனியா வரட்டும், அதுவும் அழகாத்தான் இருக்கும்" என்றும் சொன்னார்.

அன்று வீட்டுக்கு வந்த பிரின்சியா அழவில்லை. குழாயடியில் குந்தி, பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரால் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எஸ்தர் அதைப் பிடுங்கி எறிந்தாள்.

"இது எப்பம்மா போவும்?"

"புதுநன்மைக்குள்ள போயிடும் கண்ணு."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. வாய் சொல்லிவிட்டது. "மாதா மேல சத்தியமா?" என்று பிள்ளை கேட்டது. அதற்கும் தலையாட்டிவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு லோஷன் கொடுத்திருந்தார்கள். வாரத்துக்கு இரண்டு நாள், புள்ளி மேல் மட்டும் தொட்டு வைத்து, காலை வெயிலில் ஐந்தே நிமிஷம் காட்டிவிட்டுக் கழுவிவிட வேண்டும். நிறம் திரும்ப மாசக்கணக்காகும், திரும்பாமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எஸ்தருக்கு அந்த ஐந்து நிமிஷம் அன்றைக்கே பிடிக்கவில்லை. ஊரூர் குப்பத்து மணலில் சின்ன வயதிலிருந்து கருவாடு காயப் போட்டவள். நெத்திலிக்கே முழுப் பகல் வேண்டும், அரை வெயிலில் அள்ளினால் புழுத்துப்போகும்.

"ஏசி ரூம்ல குந்திக்கினு கீறவருக்கு வெயில பத்தி இன்னா தெரியும்" என்றாள் புருஷனிடம்.

"டாக்டர் சொன்ன மாரி செய்டி" என்றான் அவன். மறுநாள் விடிவதற்குள் கடலுக்குப் போய்விட்டான்.

எஸ்தர் தினமும் தடவினாள். முதல் நாள் பத்து நிமிஷம், அடுத்த நாள் இருபது. மூன்றாம் நாள் புள்ளிகள் லேசாகச் சிவந்தன. கலர் வருகிறது என்று பூரித்துப்போனாள். "பாத்தியா, வெயில்தாண்டி மருந்து" என்று மகளைக் கட்டிக்கொண்டாள். நான்காம் நாள், மார்க்கெட்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில் லோஷனைத் தடவிப் படகோரமாக உட்கார வைத்து, "நா வர வரைக்கும் எழுந்துக்காத" என்றாள். கூடையை மார்க்கெட்டில் இறக்கி வைத்துவிட்டுக் கால் மணியில் வந்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். அன்றைக்கென்று வஞ்சிரம் நிறைய வந்திருந்தது, வாங்க வந்த கூட்டம் அவளை விடவில்லை. அவள் திரும்பும்போது கத்திரி வெயில் உச்சியைத் தாண்டியிருந்தது.

பிரின்சியா அங்கேயேதான் இருந்தாள். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, கண்ணை மூடி, 'அருள் நிறைந்த மரியே' சொல்லிக்கொண்டிருந்தாள். படகின் நிழல் கிட்டே வரவர நகர்ந்து நகர்ந்து வெயிலுக்கு வந்திருக்கிறாள். மணலில் அந்தத் தடம் இருந்தது.

ராத்திரி கை வீங்கியது. மறுநாள் புறங்கை முழுக்கக் கொப்புளம். ஆஸ்பத்திரியில் அதைச் சுத்தம் செய்தபோது பிள்ளை போட்ட கத்தல் வராந்தா முழுக்கக் கேட்டது. "இந்த லோஷனத் தடவி வெயில்ல அதிகம் இருந்தா தோல் வெந்துடும். எவ்வளவு நேரம் வெச்சீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"நாந்தான் சார் எழுந்துக்கல" என்றது பிள்ளை. எஸ்தருக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

புதுநன்மை அன்று வெள்ளை கவுனும் முக்காடும் போட்டு, விரல் நுனி வரை கட்டோடு பிரின்சியா கோயிலுக்குப் போனாள். எஸ்தர் யார் முகத்தையும் பார்க்காமல் தூணோரம் நின்றாள். அப்போது ஜாஸ்லின் ஓடி வந்தாள். "ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டு, பிரின்சியாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய மெழுகுவர்த்தியையும் தானே பிடித்தாள். இரண்டு பேரும் ஒட்டி ஒட்டிப் பீடம் வரை நடந்தார்கள். பூசை முடிந்ததும் ஜாஸ்லினின் அம்மா, "பாவம், கொழந்த" என்று பிரின்சியாவுக்குக் கேக்கை ஊட்டியே விட்டாள். வெந்த காயம் என்றால் யாருக்கும் பயமில்லை போலிருக்கிறது. அன்று முழுக்கப் பிள்ளைகள் அவளைச் சுற்றியே இருந்தார்கள். அவள் அப்படிச் சிரித்து எஸ்தர் பார்த்து இரண்டு வருஷமாகியிருந்தது.

அடுத்த வாரம் கட்டுப் பிரிக்கப் போனார்கள். நர்ஸ் கத்தரியை எடுத்ததும் பிரின்சியா இரண்டு கையையும் நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

"வலிக்காது கண்ணு" என்றாள் எஸ்தர்.

"பிரிக்க வேணாம்மா. இது இருந்தா எல்லாரும் பேசறாங்க."

"ஆறிடுச்சு பாப்பா, இனிமே கட்டு தேவையில்ல" என்றார் நர்ஸ்.

பிரின்சியா அம்மாவின் காதோரம் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப இன்னொரு வாட்டி வெயில்ல குந்தட்டுமா? இந்த வாட்டி கத்த மாட்டேம்மா."