சல்லடையும் தாம்பாளமும்

பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்கும் நாளில் அவரவர் பேனரை அவரவர்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். என்னுடையது பத்தடிக்கு எட்டடி. முன்பக்கம் அப்பா பிடித்துக்கொண்டார், பின்பக்கம் நான். பஸ்ஸில் பேனருக்கு ஜன்னலோர இடம் கொடுத்தார்கள்.

பேனரில் இருப்பதும் நான்தான். முகம் மட்டும் என்னுடையது. வெள்ளைக் கோட்டும் ஸ்டெதாஸ்கோப்பும் ஃப்ளெக்ஸ் கடைக்காரர் வைத்தவை. கழுத்துக்குக் கீழே எல்லாருக்கும் அதே உடம்பைத்தான் வைப்பார். ‘வருங்கால டாக்டர் தேன்மதியை வாழ்த்தும் தெருவாசிகள்’ என்று மேலே போட்டிருந்தது. ரிசல்ட் வருவதற்கு ஒரு வாரம் முன்பே அப்பா அதைத் தெருமுனையில் கட்டிவிட்டார்.

ஆனால் டாக்டர் படிப்பு உடனே கிடைக்காது. முதலில் நான்கு வருடம் முன்மருத்துவம். அதில் நூற்றுக்கு எண்பது வாங்கினால்தான் மருத்துவம். வாங்காவிட்டால், தெரு முழுக்கப் பார்க்கும்படி பேனரை இறக்க வேண்டும்.

ஹாலில் இரண்டு பல்கலைக்கழகங்கள் மட்டுமே இருந்தன. மார்க் போடும் முறையை விளக்க மேஜைமேல் மாதிரிகள் வைத்திருந்தார்கள். எனக்கு இந்த மாதிரி ஏற்பாடுகள் பிடிக்கும். நிதானமாகச் சொல்கிறேன்.

முதல் பல்கலைக்கழகத்தில் சல்லடை. விடைத்தாளை உதறினால் எழுத்துகள் சல்லடையில் விழும். மனப்பாடம் செய்து எழுதியது பொடியாக இருக்கும், கீழே போய்விடும். புரிந்து எழுதியது கட்டியாக இருக்கும், தங்கிவிடும். தங்கியதை எண்ணினால் அதுதான் மார்க். என்னுடைய பிளஸ் டூ உயிரியல் தாளை உதறிக் காட்டினார்கள். ஐந்து நிமிடம் சலித்தார்கள். ஒரு கமா தங்கியது.

இரண்டாவதில் தாம்பாளம். ஓட்டை கிடையாது. விளிம்பு உயரம் என்பதால் சிந்தவும் சிந்தாது. அதே தாளை உதறினார்கள். தொண்ணூற்றாறு.

“எங்க படிச்சா நல்ல டாக்டர் ஆகலாம்?” என்று அப்பா கேட்டார்.

“சல்லடையில,” என்றார் மேஜைக்குப் பின்னால் இருந்த அம்மாள்.

நான் குனிந்து மெதுவாகக் கேட்டேன். “எங்க படிச்சா டாக்டர் ஆகலாம்?”

அவர் மைக்கை எடுத்தார். “தாம்பாளம் கேக்குற பொண்ணு யாரு? எழுந்து நில்லும்மா.”

நான் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

“இன்னும் கொஞ்சம் எழுந்து நில்லு.”

நின்றேன். ஹாலின் கூரை எனக்காகச் சற்று உயர்ந்தது. மூன்றாவது வரிசையில் எங்கள் தெரு முழுவதும் உட்கார்ந்திருந்தது. “நம்ம தேன்மதிதான்!” என்று எதிர்வீட்டு ரெஜினா அக்கா எல்லாருக்கும் காட்டினாள். “கண்ணு, இங்க பாரேன்.”

நான் பார்க்கவில்லை.

“அவ சும்மா கேட்டா, மேடம்,” என்றார் அப்பா.

“சும்மா கேக்குறவங்களுக்குத்தான் சார் மைக். முடிவைச் சொல்லுங்க.”

“தாம்பாளம்,” என்றேன் நான்.

“சல்லடை,” என்றது பேனர்.

பேனரில் இருந்தவளின் குரல் என்னுடையதைவிடத் தெளிவாக இருந்தது.

அம்மாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்தார். “இதுல யாரு விண்ணப்பதாரர்?”

அப்பா வாயைத் திறந்தார். “நீயே சொல்லும்மா,” என்றார்.

சொல்வதற்கு அதிக நேரம் தேவைப்படவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். “கோட்டு போட்டிருக்கிறவ.”

அவள் பேனரிலிருந்து இறங்கினாள். அப்பா தோளில் மாட்டியிருந்த என் பையை வாங்கினாள்.

“டிபன் பாக்ஸ்ல என்னப்பா?”

“லெமன் சாதம்.”

“சரி,” என்று சல்லடைப் பக்கம் நடந்தாள்.

பேனரை வெறுமையாகக் கட்டக் கூடாது என்பது விதி. அதில் என் அளவுக்கு ஓர் இடம் காலியாக இருந்தது. ரெஜினா அக்காவும் அப்பாவும் ஆளுக்கொரு கை பிடித்து என்னை ஏற்றிவிட்டார்கள்.

பேனர் கட்டுவதிலும் ஒரு முறை இருக்கிறது. பின்னால் சவுக்குக் கம்புகள். மூலைகளில் நைலான் கயிறு. காற்றில் கிழியாமல் இருக்க நடுநடுவே அரைவட்டமாக ஓட்டை வெட்டுவார்கள். எனக்கு ஐந்து வெட்டினார்கள். வலிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் போன் செய்கிறாள். அப்பா தெருமுனையில், எனக்குக் கீழே நின்று ஸ்பீக்கரில் போடுகிறார்.

“அப்பா, இந்த டெஸ்ட்ல பதினொண்ணு!”

“நூத்துக்கா?”

“நூத்துக்குத்தான். போன தடவை நாலுப்பா!”

அவள் குரலைத் தாழ்த்தவில்லை. தெரு முழுக்கக் கேட்டது. “பதினொண்ணாம்!” என்று ரெஜினா அக்கா மாடிக்குச் சொன்னாள்.

அப்பா போனை வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார். “கயிறு இறுக்குதாம்மா?”

“இல்லப்பா.”

குனிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. முகம் சிரித்தபடி அச்சாகியிருந்தது. காற்று ஐந்து ஓட்டைகள் வழியாகவும் போயிற்று. எதுவும் தங்கவில்லை.