இருநூறாம் ஆண்டில் ஒரு சேனை

கண்ணுங்களா, மலேசியாவின் மலாக்காவில், தெங்கேரா என்ற பகுதியில் தர்மேந்திரன் என்று ஒரு சுற்றுலா வழிகாட்டி. மலாக்கா வரலாற்றைப் பேச ஆரம்பித்தால் நிறுத்தவே மாட்டான். அவனுடைய மகள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த நாள் 2024, மார்ச் பதினேழு.

பிறந்த பிள்ளையின் நாக்கில் சீனித் தண்ணீர் தொட்டு வைப்பதைச் சேனை என்பார்கள். வைப்பவருடைய குணம்தான் பிள்ளைக்கு வருமாம். தர்மேந்திரனுக்குத் தானே வைக்க ஆசை.

“ஐயோ, வேணாங்க! பிள்ள தூங்காம பேசிக்கிட்டே இருக்கும்,” என்றாள் மனைவி தேவிஸ்ரீ. அதிகம் பேசாத பக்கத்து வீட்டு அன்னபாக்கியம் அக்காவை அழைத்திருந்தாள்.

“எனக்கும் பேசாம இருக்கத் தெரியும், பாரு,” என்று அவன் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தான்.

மைத்துனன் யுவனேஸ்வரன் விடுவானா? “மச்சான், இன்னிக்கு ஏதோ ஸ்பெஷல் நாளாமே? ஜப்பான்காரன் வந்த நாளா?”

தர்மேந்திரன் உதட்டைக் கடித்துக்கொண்டான்.

“கோட்டையக் கட்டுனதும் ஜப்பான்காரன்தான் லா!”

அது போர்த்துகீசியர் கட்டிய கோட்டையாயிற்றே! தர்மேந்திரன் முகம் சிவந்து கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. தேவிஸ்ரீக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “அக்கா, கிண்ணத்த அவருகிட்டயே குடுத்துடுங்க. இவரு பேசாம இருந்தா எனக்குத்தான் பயமா இருக்கு.”

தர்மேந்திரன் ஒரு துளி தொட்டு வைத்தான். பிள்ளை சப்புக்கொட்டியது.

“அம்மாடி, கேளு! இருநூறு வருசத்துக்கு முன்னால, இதே நாள்ல, டச்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் லண்டன்ல கையெழுத்துப் போட்டு நம்ம மலாக்காவக் கை மாத்திக்கிட்டாங்க. இங்க உள்ளவங்கள ஒரு வார்த்தை கேக்கல!”

பிள்ளை வீலென்று கத்தியது.

“பாத்தியா தேவி, என் மகளுக்குக் கோவம் வந்துடுச்சு!”