ஆற்றில் இறங்கிய மாடுகள்

இடது காலில் சாக்ஸ் ஏறிவிட்டது. வலது காலில்தான் தகராறு. குதிகால் வெடிப்பில் நைலான் நூல் மாட்டிக்கொண்டு, இழுக்க இழுக்கக் கிழிந்தது. ஐசக் மண்டியிட்டு, அப்பாவின் காலை மடியில் வைத்துக்கொண்டு, தான் காலேஜுக்குப் போட்டுப் போகும் சாக்ஸை அங்குலம் அங்குலமாக ஏற்றினான்.

"செத்தவருக்கு எதுக்குடா சாக்ஸு? உசுரோட இருந்தப்போ செருப்பே பெருசு" என்றாள் தேவகிருபை.

"எல்லாரும் வருவாங்கம்மா."

எல்லாரும் என்று அவன் சொன்னது ஹாஸ்டல் நண்பர்களை.

ஞானமுத்து மாடு ஓட்டுகிறவர். அரக்கோணம், திமிரிப் பக்கத்துச் சந்தைகளில் வியாபாரிகள் வாங்கும் மாடுகளுக்குக் கொம்பில் சாயம் பூசி, குளம்பில் லாடம் அடித்து, தன் ஊரான ஆம்பூர் வரை நடத்திக் கூட்டி வருவது அவர் வேலை. நாற்பது மாட்டுக்கு நாலு ஆள், ஐந்து நாள் நடை. ராத்திரி முறை போட்டுத் தூங்குவார்கள். மாடு முறை போடாமல் தூங்கும். முப்பது வருடம் இப்படி நடந்தவர் நேற்று திமிரி தாண்டி ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. மாடுகளை வியாபாரியின் ஆட்களிடம் விட்டுவிட்டு, கூட்டாளிகள் மூன்று பேரும் அவரோடு ஊருக்கு வந்தார்கள். மாடுகளுக்குக் கிடைக்காத லாரி அவருக்குக் கிடைத்தது.

முதல் வருடம் ஹாஸ்டலில் அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டபோது, "கால்நடைத் துறை" என்றான் ஐசக். அதில் பாதிதான் பொய் என்று தன்னைச் சமாதானம் செய்துகொண்டான். அந்த வாரம் ஹாஸ்டல் மொத்தமும் வேலூரில் ஒரு கௌபாய் படம் பார்த்தது. தொப்பி வைத்துக்கொண்டு ஆயிரம் மாட்டை ஓட்டிப் போனவனுக்கு எல்லாரும் விசில் அடித்தார்கள். ஐசக்கும் அடித்தான். அந்தக் கௌபாய்க்கும் அப்பாவுக்கும் நடுவில் ஒரு குதிரைதான் வித்தியாசம் என்று தோன்றியது. பக்கத்து சீட்டுக்காரனிடம் அதைச் சொல்லவில்லை.

இரண்டு மணிக்கு நண்பர்கள் வந்தார்கள். முன்னால் இருதயராஜ். அவனுக்குப் பின்னால், யாருக்கும் தெரியாத இரண்டு நடுவயதுக்காரர்கள், வண்டிச் சக்கரம் அளவுக்கு ஒரு மலர்வளையத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். குறுக்கே ஊதா ரிப்பன்: 'கால்நடைத் துறை ஊழியர்கள்.'

"டிபார்ட்மென்ட்டுக்கு யாருமே சொல்லலடா மச்சான்" என்று இருதயராஜ் காதில் கிசுகிசுத்தான். "நான்தான் காலைல மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன். அவங்களுக்கு ஆளு ஞாபகமே வரல. அப்பறம் அவங்களாவே, ஃபீல்டுல இருந்திருப்பாருன்னுட்டாங்க. அர நாள் லீவு போட்டு வந்திருக்காங்கடா, பாவம்."

அவன் செய்தது உதவி. அதில் சந்தேகமே இல்லை.

வந்தவர்களில் கண்ணாடி போட்டவர் கிளார்க். சவப்பெட்டியைக் கும்பிட்டுவிட்டு ஐசக்கின் தோளைத் தொட்டார். "எந்த செக்‌ஷன்ல இருந்தாரு தம்பி?"

பெட்டி வைத்திருந்த பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றிருந்த சர்தார் பாஷா, இருபத்திரண்டு வருடம் ஞானமுத்துவோடு மாடு ஓட்டியவர், ரிப்பனைப் பார்த்தார். எழுத்து படிக்கத் தெரியாது. பிறகு ஐசக்கின் முகத்தைப் பார்த்தார். அது படிக்கத் தெரிந்தது.

"ஃபீல்டு சார்" என்றார். "முப்பது வருஷமும் ஃபீல்டுதான். ஒரு நாள் உக்கார மாட்டான்."

கிளார்க் தலையாட்டினார். தேவகிருபை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து வந்தாள்.

"கவர்மென்ட்டுல இருந்து வந்துக்கிறாங்க பாருடா ஐசக்கு. எங்கிட்டகூடச் சொல்லாம எவ்ளோ பேரு வாங்கி வெச்சிருக்காரு மனுசன்."



போதகர் ஜெபம் முடித்தார். பெட்டியைத் தூக்கினார்கள். தெருமுனையில் வழி பிரியும்: நேரே போனால் மெயின் ரோடு, கடைத்தெரு வழியாகக் கல்லறை, வலது பக்கம் இறங்கினால் பாலாற்று மணல், அதுவும் சுற்றிக் கல்லறைக்கே போகும். மெயின் ரோட்டில் எந்த டீக்கடையில் கேட்டாலும் அப்பாவின் வேலையைச் சொல்வார்கள். ஐசக் சர்தார் பாஷாவிடம் ஓடினான்.

"பாய், ஆத்துப் பக்கமா போய்டலாமா? ரோட்டுல பஸ்ஸு ஜாஸ்தி."

பாய் அவனை ஒரு மாதிரி பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு.

"அப்பனுக்கேத்த புள்ளடா நீ."

"இன்னா பாய்?"

"மொத வருஷம் வேலூரு சத்துவாச்சாரி பஸ் ஸ்டாப்புல நின்னுக்கினு, எங்களப் பாத்ததும் பொஸ்தகத்துல மூஞ்சிய மறைச்சிக்கின, ஞாபகம் கீதா? அவன் பாத்துட்டான். அதுலேர்ந்து அந்த எடம் வந்தா மந்தைய ரோட்ட உட்டு ஆத்துல எறக்கிடுவான். புள்ள தோஸ்துங்களோட நிப்பான், நம்மளால அவனுக்கு எதுக்கு பேஜாருன்னுவான். மணல்ல குளம்பு பொதையும், லாடம் கழண்டுக்கும். ரெண்டு மைலு வெயிலு. நான் வாய்க்கு வந்தபடி திட்டுவேன். மூணு வருஷம்பா."

பீடியை எடுத்தவர் போதகரைப் பார்த்துவிட்டு மறுபடி சட்டைப் பையில் போட்டார்.

"சொல்லு, தூக்கினவனுங்க நிக்கறானுங்க. எந்தப் பக்கம்?"

ஐசக்குக்குக் காது சுட்டது.

"ரோடு."

முதல் டீக்கடையிலேயே ஒருவர் டம்ளரோடு எழுந்தார். "நம்ம மாட்டுக்கார ஞானமுத்துவா? அடப்பாவமே, போன வாரம்கூட இங்கதான் குந்தினு இருந்தாரு!" ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவனுக்கும் கேட்கிற குரல்.

இருதயராஜ் ஐசக்கைத் திரும்பிப் பார்த்தான். கிளார்க் இரண்டு எட்டு வேகமாக வைத்துப் பக்கத்தில் வந்தார்.

"மாட்டுக்காரருன்றாங்களே தம்பி?"

"ஆமா சார். மாடு ஓட்டினாரு. டிபார்ட்மென்ட்ல இல்ல. அது நான் சொன்ன பொய்."

கிளார்க் பெட்டியைப் பார்த்தார்.

"எங்கேர்ந்து எங்க?"

"அரக்கோணத்துலேர்ந்து இங்க."

"நடந்தா?"

"நடந்துதான் சார்."

கிளார்க் திரும்பிப் போகவில்லை, கூடவே நடந்தார். இருதயராஜும் நடந்தான். ஐசக் அவன் பக்கம் பார்க்கவில்லை.

பின்னால் பெங்களூர் பஸ் ஒன்று ஹாரன் அடித்தது. யாரும் சொல்லாமலே, சர்தார் பாஷாவும் மாடு ஓட்டும் மற்ற இரண்டு கூட்டாளிகளும் கூட்டத்திலிருந்து பிரிந்து, ரோட்டின் இரு ஓரத்துக்கும் பின்பக்கத்துக்கும் போனார்கள். வெறுங்கைகளை அகல விரித்து, பெட்டி போகும் வேகத்துக்கே நடந்தார்கள். பஸ் இன்னொரு முறை ஹாரன் அடித்தது. ஓரமாக ஒதுங்கப் போன கால்களை ஐசக் நடு ரோட்டிலேயே வைத்து நடந்தான்.

டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு, ஸ்டியரிங் மேல் கைகளை மடித்து வைத்துக்கொண்டார்.