பண்டாராவில் படகு சவாரி

கோகுல்நாத்துக்குப் படகு விடும் ஆசை ரிட்டயர்மென்ட்டோடு சேர்ந்துதான் வந்தது. அதுவரைக்கும் அந்த மனிதருக்குத் தண்ணீர் என்றாலே ஆகாது. மழைக்காலத்தில் புனேயின் முளா ஆறு பெருகி ஓடினால், பாலம் தாண்டும்வரை பஸ்ஸில் ஜன்னலோர சீட்டை விட்டு எழுந்து நடுவில் போய் நிற்பார். அப்பேர்ப்பட்ட வீரர் ஒரு சாயங்காலம் டீயைக் குடித்துவிட்டு, "ராஜி, ஏரி கீற ஊரா பாத்து செட்டிலாயிடலாம். செலவும் கம்மி, தெனம் போட்டிங்கும் போலாம்" என்றார். சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று மனைவி ராஜிக்குத் தெரியவில்லை. இரண்டையும் செய்தாள்.

அவர் வேலை பார்த்த கட்கி ஃபேக்டரி குவார்ட்டர்ஸைக் காலி செய்யும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ராஜி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: புனேயை விட்டுப் போகக் கூடாது. விஷ்ராந்த்வாடியில் புறாக்கூண்டு மாதிரி ஒரு ஃபிளாட் கிடைத்தாலும் போதும். மகள் வைஷு சிஞ்ச்வட்டில் இருக்கிறாள், நினைத்தால் பஸ் பிடித்துப் போய்ப் பேத்தியைக் கொஞ்சிவிட்டு வரலாம். அதையெல்லாம் விட்டுவிட்டு இந்த வயசில் துடுப்புப் போடப் போகணுமாம்! கொழுப்பு அல்லாமல் வேறென்ன?

சரி, ஊரையாவது ஒழுங்காகத் தேடினாரா? அந்தக் கூத்தைத்தான் சொல்ல வேண்டும். கோகுல்நாத்துக்கு இந்தியா என்பது ராணுவத் தளவாடம் செய்கிற ஆர்டினன்ஸ் ஃபேக்டரி இருக்கிற ஊர்கள் மட்டும்தான். மற்றதெல்லாம் ரயில் போகிற வழி. அங்கங்கே மாற்றலாகிப் போன கூட்டாளிகளுக்குப் போன் போட்டு, "வீடு வெல எப்டி? தலாவ் எவ்ளோ பெருசு?" என்று வீட்டோடு ஏரியையும் விசாரித்தார்.

"உதய்பூர்ல நெறைய ஏரி கீதாமே?" என்று ராஜி வேண்டுமென்றே சீண்டினாள்.

"அங்க நம்ம ஃபேக்டரி இல்லியே" என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

"ஃபேக்டரிதான் உங்கள வெளிய அனுப்பிடுச்சே. இன்னும் அது வாலையே புடிச்சிக்கினு கீறீங்களே!"

அவர் காதில் விழுந்தால்தானே. இட்டார்சி என்றார். இட்டார்சியில் ரயில் மாறுவார்கள், யாராவது குடி போவார்களா என்று ராஜி கேட்டாள். ஜபல்பூர் என்றார். அங்கே வெயிலில் அப்பளம் பொரிக்கலாம் என்றாள். கடைசியில் பண்டாராவில் வந்து நின்றார். சுற்றிலும் ஏரியாம், வீடும் மலிவாம், பழைய கூட்டாளி கலியனும் அங்கேதான் இருக்கிறாராம்.

"பேர்லயே பண்டாரம் கீது. நமக்குப் பொருத்தம்தான்" என்றாள் ராஜி.

இதற்குள் குவார்ட்டர்ஸ் முழுக்கத் தண்டோரா போட்டாயிற்று. எதிர்வீட்டு ஜோசபின் பிம்ப்ரியில் ஃபிளாட் வாங்கிய பெருமையைத் தினம் கதவைத் தட்டிச் சொல்லிக்கொண்டிருந்தவள். "நாங்க லேக் சைடு போறோம்மா, போட்டிங்குக்கு" என்று கோகுல்நாத் அவளிடம் சொன்னபோது ராஜிக்கு மானமே போயிற்று. உள்ளே போய்ப் பாத்திரத்தை நங்கென்று வைத்தாள்.

ஊரைப் பார்க்கப் போனார்கள். கலியன் ஆட்டோ வைத்து ஏரிக்குக் கூட்டிப்போனார். ஏரி பெரிதுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் படகுத்துறையும் இல்லை, டிக்கெட் கவுண்டரும் இல்லை. மீன் பிடிக்கிற ஒரு மரப்படகு கரையில் முளையில் கட்டிக் கிடந்தது. படகுக்காரர் ஏறச் சொன்னார். கோகுல்நாத் செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் போகிறவர் போல மெல்ல ஏறி உட்கார்ந்தார். படகு கொஞ்சம் ஆடியது. அவ்வளவுதான், இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "அரே பாய், ரஸ்ஸி மத் கோலோ!" என்று அலறினார்.

படகுக்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கயிற்றை அவிழ்க்காமல் பீடி பற்றவைக்கப் போனார். கலியன் டீ சொல்லி வருவதாக நழுவினார்.

ராஜிக்கு அடக்க முடியவில்லை. "தூ! இதுக்காகவா என் குடியக் கெடுக்கறீங்க? கட்டிப்போட்ட படகுல ஒக்கார தைரியமில்ல, தெனம் போட்டிங்காம்! புனேல ஒரு வீடு வாங்கித் தரத் துப்பில்லாம..."

"துப்பில்லதான்" என்றார் கோகுல்நாத்.

ராஜி திரும்பி அவரைப் பார்த்தாள்.

"நம்ம பையன் தேஜஸ வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பினது போக மீதி கீறது இந்த ஊருக்குத்தான் காணும் ராஜி. விஷ்ராந்த்வாடில பாத்ரூம் கூட வாங்க முடியாது. அத எல்லார்கிட்டயும் எப்டி சொல்றது? 'எங்க வாங்கினீங்க, எங்க வாங்கினீங்க'ன்னு தெனம் கேக்கறாங்க. போட்டிங்குன்னா, கெழவனுக்குக் கொழுப்புன்னு நெனச்சுக்குவாங்க. நெனச்சுக்கட்டும். காசில்லாம ஊர விட்டுப் போறான்னு நெனக்க மாட்டாங்க இல்ல?"

இதைச் சொல்லும்போதும் கையை விளிம்பிலிருந்து எடுக்கவில்லை. நெற்றியெல்லாம் வேர்வை. கொழுப்பு என்று முதலில் நினைத்தவளே ராஜிதானே. புனே இனி இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அழுகை வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

பையில் போன் அடித்தது. ஜோசபின்தான். ஏரி எப்படி, படகு எப்படி என்று குசும்பு விசாரணை.

ராஜி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"ஐயோ, அத ஏன் கேக்கற ஜோசபின்! கடல் மாதிரி கீது. எங்க வீட்டுக்காரரு வந்ததுலருந்து படகுலயேதான். எறங்குங்கன்னு நானும் கத்திப் பாத்துட்டேன், எறங்க மாட்டேங்கறாரு. சின்ன வயசுலருந்தே அவருக்குத் தண்ணின்னா உசுரு. நீ பாவம், அந்த பிம்ப்ரி டிராஃபிக்ல எப்டித்தான் காலந்தள்ளப் போறியோ!"