எட்டு மணி வானம்

எனக்கு வாய் ஜாஸ்தி, ஒத்துக்கறேன். அந்த வாயாலதான் எங்க அக்காகிட்ட, "பெட்டி சரியாத்தான் சொல்லுது. நீதான் கோணலா நடக்கறே"ன்னு சொல்லித் தொலைச்சேன்.

அக்காவுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. நாலு தெரு தள்ளி ஒரு ஆபீஸ்ல போன் எடுத்துப் பேசற வேலை கிடைச்சிருந்தது. திங்கக்கிழமை காலை எட்டு மணிக்குச் சேரணும். யார் கையையும் பிடிக்காம தனியாத்தான் போவேன்னு ஒரே பிடிவாதம். செயற்கைக்கோளை வெச்சு வழி சொல்ற கைப்பெட்டிக்கு மென்பொருள் எழுதறதுதான் என் பொழைப்பு. நான் இருக்கேன், கவலையை விடுன்னு பெரிய மனுஷி மாதிரி ஒண்ணைக் கொண்டுவந்து கொடுத்தேன்.

வியாழன் காலை எட்டு மணிக்கு ஒத்திகை. "வந்தாச்சு"ன்னு பெட்டி சொன்ன இடம் ஆபீஸ் இல்ல, பக்கத்துச் சலவைக்கடை. வெள்ளிக்கிழமையும் அதே சலவைக்கடை. எங்க லேப்ல ஒரு வாரம் சோதிச்சதுல அது இம்மிகூடப் பிசகலையே! என் வாய் முந்திக்கிச்சு. வீட்டுக்கு வந்ததும் அக்கா, வேலை வேண்டாம்னு எழுதிப் போடச் சொன்னா. எனக்குச் சுருக்குன்னு இருந்தது; அப்புறம் எழுதறேன்னு தள்ளிப்போட்டேன்.

சனிக்கிழமை லேப்ல உட்கார்ந்து தலையைப் பிச்சிக்கிட்டேன். எப்போ சோதிச்சோம்னு குறிப்பைப் பார்த்தா, எல்லாமே பகல் மூணு மணி. டீ குடிக்க வெளியே போறப்பவே பெட்டியையும் தூக்கிட்டுப் போறது எங்க சோம்பேறி வழக்கம். அந்தச் செயற்கைக்கோள்கள் தினமும் அதே நேரத்துக்கு ஏறக்குறைய அதே இடத்துக்கு வந்துடும். வாரம் பூரா நாங்க பார்த்தது ஒரே வானம்.

ஒவ்வொரு செயற்கைக்கோள்லயும் ஒரு கடிகாரம் உண்டு; அது சொல்ற நேரத்தை வெச்சுத்தான் பெட்டி நாம நிக்கற இடத்தைக் கணக்குப் போடும். சுத்தற பாதை சரியான வட்டம் இல்ல. பூமிக்குக் கிட்ட வந்து வேகமா ஓடும்போது கடிகாரம் துளி மெதுவாகும், தள்ளிப் போனா துளி வேகமாகும். சார்பியல் சொல்ற கணக்கு அது. அந்தத் துளியைப் பெட்டிதான் சரிக்கட்டணும். புத்திசாலி நான், கூட்ட வேண்டியதைக் கழிச்சு வெச்சிருந்தேன். மூணு மணிக்கு அந்தப் பிசகெல்லாம் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு மறைஞ்சுபோச்சு. எட்டு மணி வானத்துல எல்லாம் ஒண்ணு சேர்ந்து சலவைக்கடையில கொண்டுபோய் விட்டுது.

கழித்தல் குறியைக் கூட்டலா மாத்த ஒரு நிமிஷம்கூட ஆகல. ஞாயிறு காலையில, தப்பு உன் கால்ல இல்லக்கா, என் கணக்குலன்னு சொன்னேன்.

"உன் பேச்சை நம்பி ரெண்டு நாளா வீட்டுக்குள்ளேயே, நேரா நடக்கறேனான்னு சுவத்தைத் தொட்டுத் தொட்டு நடந்தேன்டி"ன்னா அக்கா.

அவ மணி கேட்டா. ஏழே முக்கால்னேன். ஒரு துண்டை எடுத்து என் கண்ணை இறுக்கிக் கட்டிட்டு, முதல்ல நீ போய்ச் சேருன்னா.

நாலு தெருவும் நானூறு தெருவாச்சு. அக்கா என் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே பின்னால வந்தா. கடைசியா "வந்தாச்சு"ன்னுது பெட்டி. கையை நீட்டவே பயமா இருந்தது. நீட்டினேன். ஒரு கைப்பிடி தட்டுப்பட்டுது; துண்டை இறக்கிப் பார்த்தா, ஆபீஸ் கதவு.

அக்கா என்னை நகர்த்திட்டு அதைத் தானே தடவிப் பார்த்தா. அப்புறம் என் கையிலிருந்து பெட்டியை வாங்கி, வீட்டுக்கு வழி கேட்டு, தனியாவே கிளம்பிட்டா. நான் கூடப் போகல.