மேல் மூடி

மாப்பிள்ளையின் சட்டையில் கீழேயிருந்து ஒவ்வொரு பித்தானாகப் போட்டுக்கொண்டே வந்தார் மாமனார். கழுத்துப் பித்தான் மட்டும் நுழைவேனா என்றது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் உடம்பு ஊதிப்போயிருந்தது. விடிந்ததும் மூச்சு நின்றது; பத்து மணிக்கெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அடக்கம் நாளைக்கு.

கூடத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் குசுகுசுத்தார்கள்.

"துக்கத்துக்காக மிஷினைக்கூட நிறுத்திட்டாங்க பாரு."

"ஆமா, இன்னைக்காவது அந்த எருமை கத்தல."

எருமை என்றது, மாப்பிள்ளை ஆறு வருடம் உயிரைக் கொடுத்துக் கட்டிய அலை மிஷினை. கடற்சுவரை ஒட்டி ஒரு கான்கிரீட் அறை. அடியில் அலை புகுந்தால் உள்ளேயிருக்கும் காற்று மேலே ஏறி விசிறியைச் சுழற்றும், கரண்டு வரும். அலை பெரிதானால் உச்சியில் உள்ள மூடி தானாகத் திறந்து மிச்சக் காற்றை வெளியே விடும். அந்தச் சத்தம்தான் தெருவைப் பாடாய்ப் படுத்தியது. மாப்பிள்ளை அதை மூச்சு என்பார். மாமனாருக்கு அதில் துளியும் நம்பிக்கை கிடையாது. கடலாவது, கரண்டாவது, காதில் பூச்சுற்றுகிற வேலை என்று முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறார்.

கம்பெனி மேனேஜர் வந்தார். பிணத்தின் காலடியில் ஒரு நிமிடம் நின்றுவிட்டு மாமனாரின் மகளிடம் குனிந்தார்.

"வாங்குறவங்க நாலு மணிக்கு வந்துடுவாங்கம்மா. ஓடுறதைப் பாத்தா இன்னைக்கே கையெழுத்து. இருபது மிஷின். விசிறி ரூம்ல நின்னு நீங்கதான் சுவிட்சைப் போடணும். சார் கையால நடக்க வேண்டியது."

"வர்றேன்," என்றாள் மகள். "அவரு அதுக்காகத்தானே கிடந்து உழைச்சாரு."

"சத்தத்துக்குப் பயப்படாதீங்க. வர்றவங்க முகம் சுளிக்கக் கூடாதுன்னு மேல் மூடியைக் காலையிலயே போல்ட் போட்டு இறுக்கியாச்சு. இன்னைக்கு மட்டும்."

மாமனாரின் விரல் பித்தானிலேயே நின்றது. முப்பது வருடம் பாய்லருக்கு முன்னால் வெந்தவர் அவர்.

"யாரைக் கேட்டு இறுக்கினீங்க?"

"சாரைத்தான். நேத்து ஆஸ்பத்திரியில சொன்னேன். தலையாட்டினாரே."

"எப்படி ஆட்டினாரு? மேலும் கீழுமாவா, பக்கவாட்டுலயா?"

மேனேஜர் விழித்தார். "மூக்குல குழாயோட... ஏதோ ஆட்டினாரு ஐயா."

விடியற்காலையில் மாப்பிள்ளை பேசிய கடைசிப் பேச்சு மாமனாருக்கு இப்போதுதான் உறைத்தது. 'மூச்சு அடைக்குது. மேல திறந்து விடு.' உடனே இவர் ஓடிப்போய் ஜன்னலின் மேல் கதவைத் திறந்தார். நர்ஸ் ஆக்ஸிஜனைக் கூட்டினாள். மகள் கழுத்துப் பித்தானைக் கழற்றினாள். மாப்பிள்ளை மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார், இப்படியுமா மூன்று முட்டாள்கள் வாய்க்கும் என்பதுபோல.

"மூடியைத் திறக்கச் சொல்லுங்க. கடல் ஏறிக்கிட்டிருக்கு. அடைச்ச பாய்லர் பக்கத்துல நின்னவனை நான் சாக்குல அள்ளியிருக்கேன்."

"துக்கத்துல பேசுறீங்க பெரியவரே. இது பாய்லர் இல்ல, வெறும் காத்து." மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வெளியேறினார்.

மகள் அப்பாவை முறைத்தாள். "ஆறு வருஷமா அதைக் கரிச்சுக் கொட்டினீங்க. அவரு செத்த அன்னைக்குமாப்பா?"

ஆறு வருடப் பேச்சும் திரும்பி வந்து மாமனாரின் கழுத்தையே பிடித்தது.

"சரிம்மா," என்றார் கடைசியில். "நீ போகாத. சுவிட்சை நான் போய்ப் போடுறேன்."

அவள் திறந்து கிடந்த கழுத்துப் பித்தானையே பார்த்தாள்.

"இதைக் கழட்டினப்ப," என்றாள், "என் கையைத் தட்டிவிட்டாரு."

எழுந்து உள்ளே போனாள். வரும்போது மாப்பிள்ளையின் பெரிய ஸ்பேனரைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து அப்பாவின் கையில் வைத்தாள். பிறகு வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளுக்குள் தன்னுடையதைத் தேடினாள்.

மணி இரண்டரை. கடற்சுவரில் ஒரு பெரிய அலை மோதியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கூடத்தில் இருந்தவர்கள் பழக்க தோஷத்தில் பேச்சை நிறுத்தி, அடுத்து வரும் கத்தலுக்காகக் காத்திருந்தார்கள்.

வரவில்லை.