வெற்றுப் பக்கத்தில் மூன்றாவது கையெழுத்து

எங்கள் ஊர் கிராம சபையில் முதலில் கையெழுத்து, பிறகுதான் தீர்மானம். வெயில் ஏறுவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டாமா? மேலே இடம் விட்டு நீட்டிய வெற்றுப் பக்கத்தில் நானும் மூன்றாவது ஆளாகப் போட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அந்தப் பக்கத்தைப் பெருமையாகப் படம் எடுத்து, சிதம்பரத்தில் கல்லூரியில் படிக்கும் மகள் இசைவாணிக்கு வேறு அனுப்பினேன்.

ஒரு மாதம் கழித்து, அதே கையெழுத்துகளுக்கு மேலே 'ஏரிக்கரையை இறால் பண்ணைக்கு விட மக்கள் ஏகமனதாகச் சம்மதம்' என்று எழுதிய நகல் ஊர் வாட்ஸப் குழுவுக்கு வந்தது. எனக்கு வயிறு எரிந்தது. அன்று காலையிலேயே நான் எடுத்த படத்தைக் குழுவில் போட்டு, "நாம கையெழுத்து போடறப்ப இந்தப் பக்கம் காலிங்க, நீங்களே பாருங்க" என்று குரல் பதிவும் அனுப்பினேன்.

ஆதரவாக நாலு பேர் பேசுவார்கள் என்று பார்த்தால், ஒவ்வொருவராகக் குழுவை விட்டே வெளியேறினார்கள். பக்கத்து வீட்டு ஜெயராணியும் போனாள். கேட்டதற்கு, "என்னை இழுக்காத தமிழு, எங்க வூட்டுக்காரரு திட்றாரு" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

மூன்று மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. ரொம்ப மரியாதையான குரல்.

"பொண்ணு அஞ்சு மணி பஸ்ஸுலதான வருது? கூட்டம் ஜாஸ்தியா இருக்கும். பாத்து வரச் சொல்லுங்க."

மகளைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. குழுவிலிருந்து அந்தப் படத்தை அழித்தேன். பயம் அடங்கவில்லை. "அது நானா ஜோடிச்ச படங்க, ஊரு என்னை மன்னிக்கணும்" என்று முகத்தைக் காட்டிப் பேசி வீடியோ எடுத்துப் போட்டேன். குழுவில் மிச்சம் இருந்தவர்களிடமிருந்து மளமளவென்று கும்பிடு பொம்மைகள் வந்து விழுந்தன.

ஆறரைக்கு இசைவாணி வந்தாள். முழுசாக வந்தாள். கட்டிக்கொண்டு அழுதேன். அவள் என் கையை விலக்கினாள்.

"எதுக்கும்மா அப்படிப் பேசின? குழுவுல அந்த நகலப் பாத்ததும், நீ அப்ப அனுப்பின படத்த வெச்சி, காலையிலேயே கடலூர் கலெக்டருக்கு ஆன்லைன்ல மனு போட்டுட்டேன். எம் பேரு, நம்பரு, காலேஜு எல்லாம் குடுத்திருக்கேன். இப்ப உன் வீடியோவக் காட்டி, நான் பொய் மனு குடுத்தேன்னு சொல்ல மாட்டாங்களா?"

வீடியோவை அழிக்கப் போனை எடுத்தேன். அதற்குள் பக்கத்து ஊர் ஆட்கள் வரைக்கும் எனக்கே அதை அனுப்பி விசாரித்திருந்தார்கள். என் பிள்ளையைக் காப்பாற்றுகிறேன் என்று, என் வாயாலேயே அவளைப் பொய்க்காரி ஆக்கியிருக்கிறேன்.